61 நாள் ஓய்வு: படகு ஆர்.ஓ. மெம்பிரேன் கெடாமல் இருக்க என்ன செய்யணும்?

தடைக்காலம் முடிந்துவிட்டது. வலை தயார். ஐஸ் ஏற்றியாச்சு, டீசலும் நிரப்பியாச்சு. படகு கிளம்பி இரண்டாம் நாள். குடிநீர் டேங்க் பாதிக்கு வந்ததும் ஆர்.ஓ. இயந்திரத்தை ஓட விடுகிறார்கள். வருவது அழுகிய முட்டை வாடையோடு தண்ணீர். வாயில் வைத்தால் உப்பும் கரிக்கிறது. இனி என்ன செய்வது? இருக்கிற தண்ணீரை அளந்து கொடுத்துச் சமாளிப்பதா, டீசலைச் செலவழித்து ஏறிய படகைத் திருப்புவதா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் ஒரு மாதத்துக்கும் மேல்கூடத் தங்கி மீன் பிடிக்கின்றன. இப்படிப்பட்ட தங்குகடல் பயணத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் சிறிய ஆர்.ஓ. இயந்திரம் பெரிய துணை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். படகில் 12 பேர். குடிக்க, சமைக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்றால், 35 நாளுக்கு 4,200 லிட்டர். அத்தனையையும் கரையிலிருந்தே சுமந்து போனால், அந்த எடைக்கு மீனும் ஐஸும் வைக்க இடம் குறையும். மணிக்கு 60 லிட்டர் தரும் இயந்திரம் இருந்தால் தினம் 2 மணி நேரம் ஓட்டினால் போதும்.

ஆனால் இந்த இயந்திரத்தின் இதயமான மெம்பிரேன் ஓடும்போது கெடுவதைவிட, சும்மா நிற்கும்போதுதான் அதிகம் கெடுகிறது. நம் படகுகள் தொடர்ந்து சும்மா நிற்கும் காலம் எது? மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, ஒவ்வொன்றும் 61 நாள். அந்த 61 நாளில் மெம்பிரேனை எப்படிக் காப்பது என்பதுதான் இந்த இதழின் பாடம். படகு உரிமையாளர், ஸ்ராங்கு, டிரைவர் யாராக இருந்தாலும் படித்துவிட்டு உங்கள் படகு வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

வீட்டு ஆர்.ஓ. பார்த்திருப்பீர்கள். படகில் இருப்பதும் அதே தத்துவம்தான். ஆனால் வேலை பல மடங்கு கடினம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பைத் தாண்டித் தண்ணீரை மட்டும் பிழிந்தெடுக்க வேண்டும் என்றால், இயற்கையாகவே எதிர்த்து நிற்கும் சுமார் 27 பார் அழுத்தத்தை முதலில் வெல்ல வேண்டும். அதனால் படகு இயந்திரம் பொதுவாக 50 முதல் 60 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. வீட்டு இயந்திரத்துக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 பாரே போதும்.

சிறிய இயந்திரங்களில் உள்ளே போகும் கடல்நீரில் பத்தில் ஒரு பங்குதான் குடிநீராக மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 லிட்டர் உறிஞ்சினால் 60 லிட்டர் நல்ல தண்ணீர். மீதி 540 லிட்டர் கொஞ்சம் கூடுதல் உப்போடு கடலுக்கே திரும்பும். இப்படி நிறைய நீர் ஓடி வெளியேறுவதுதான் மெம்பிரேன்மேல் உப்பும் அழுக்கும் தங்காமல் இழுத்துச் செல்கிறது.

மெம்பிரேன் என்பது சுருட்டி வைத்த பாய் மாதிரி. அதன்மேல் பாலிஅமைடு என்ற மிக மெல்லிய படலம் இருக்கிறது. தடிமன் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். நம் தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியது. உப்பைத் தடுக்கும் வேலை முழுக்க இந்தப் படலத்துடையது. இதைக் காப்பாற்றினால் இயந்திரத்தைக் காப்பாற்றினது மாதிரி.

மெம்பிரேனின் நான்கு எதிரிகள்

*1. தேங்கிய கடல்நீர்.* கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஏராளம். இயந்திரத்தை நிறுத்தி அப்படியே விட்டால் அவை உள்ளேயே பெருகும், சாகும், அழுகும். மெம்பிரேன்மேல் வழவழப்பான பாசிப்படலம் படியும். ஆரம்பத்தில் சொன்ன முட்டை வாடை இதனால் வருவதுதான்.

*2. குளோரின்.* இது பலருக்குத் தெரியாத எதிரி. நம் குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி, குளோரின் கலந்து வழங்கும் குழாய்நீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். கிருமிகளிடமிருந்து நம்மைக் காப்பது அதுதான். ஆனால் பாலிஅமைடு மெம்பிரேனுக்கு உள்ளே வரும் நீரில் குளோரின் 0.1 மில்லிகிராமுக்கும் கீழே இருக்க வேண்டும். அதாவது, நமக்கு நல்ல தண்ணீர் மெம்பிரேனுக்கு விஷம். துறைமுகக் குழாயிலோ லாரித் தண்ணீரிலோ நேராகக் கழுவினால், உப்பைத் தடுக்கும் படலம் கொஞ்சம் கொஞ்சமாக அரிபடும். அரிபட்டதைத் திரும்பச் சரிசெய்யவே முடியாது.

*3. எண்ணெய்.* துறைமுகத்துக்குள் நீர்ப்பரப்பில் டீசல், எஞ்சின் ஆயில் மிதப்பதைப் பார்க்கிறோம். அதில் கொஞ்சம் உள்ளே போனாலும் மெம்பிரேனில் ஒட்டிக்கொள்ளும். துறைமுகத்துக்குள் இயந்திரத்தை ஓட்டவே ஓட்டாதீங்க. ஆற்று முகத்துவாரத்தின் கலங்கல் நீரிலும் வேண்டாம். தெளிந்த ஆழ்கடல் வந்த பிறகு போடுங்க.

*4. வறட்சியும் சூடும்.* ஒருமுறை நனைந்த மெம்பிரேன் அதன்பின் காயக் கூடாது. 45 டிகிரிக்கு மேல் சூடும் ஆகாது. கரையேற்றிய படகின் மூடிய எஞ்சின் அறை மே மாத வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். காற்று போக வழி செய்யுங்கள்.

பயணத்தின்போது: கழுவி நிறுத்துவது

ஒவ்வொரு முறை இயந்திரத்தை நிறுத்தும்போதும் உள்ளே இருக்கும் கடல்நீரை நல்ல தண்ணீரால் தள்ளி வெளியேற்ற வேண்டும். சில நிமிட வேலைதான்.

• அழுத்த வால்வை முழுக்கத் திறந்துவிடுங்கள். கழுவும்போது அழுத்தம் ஏறக் கூடாது.

• இயந்திரமே உண்டாக்கிய நல்ல தண்ணீரை உள்ளே விடுங்கள். இதற்கென்றே ஒரு கேன் தனியாக ஒதுக்கி, "கழுவ மட்டும்" என்று எழுதி வைங்க. அதில் பிளீச்சிங் பவுடரோ குளோரின் மாத்திரையோ போடக் கூடாது.

• கழிவுக் குழாயில் வரும் நீரை டி.டி.எஸ். மீட்டரால் பாருங்கள். நீங்கள் உள்ளே விடும் தண்ணீரின் அளவை அது நெருங்கியதும் நிறுத்தலாம்.

குடிநீர் டேங்கில் கிருமி வராமல் குளோரின் போடுவது சரியான பழக்கம். அந்த டேங்கிலிருந்துதான் கழுவும் நீர் வருகிறது என்றால், நடுவில் கார்பன் ஃபில்டர் கட்டாயம் இருக்க வேண்டும். அது குளோரினைப் பிடித்துக்கொள்ளும். கார்பன் ஃபில்டருக்கும் ஆயுள் உண்டு. தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றுங்கள்.

இப்படிக் கழுவி நிறுத்தினால் 5 முதல் 7 நாள் வரை தாங்கும். அதற்குமேல் இயந்திரம் ஓடாது என்றால் மறுபடி ஒருமுறை கழுவ வேண்டும்.

கடல்நீர் முதலில் வரும் ஸ்ட்ரெய்னர் வலையையும், அடுத்து வரும் 20 மைக்ரான், 5 மைக்ரான் ஃபில்டர்களையும் மறக்காதீர்கள். அவை அடைத்துக்கொண்டால் ஹை பிரஷர் பம்ப்புக்குத் தண்ணீர் பற்றாமல் பம்ப்பே போய்விடும். சில நூறு ரூபாய் ஃபில்டரைப் பார்த்துச் சிக்கனம் பிடித்து, பம்ப்பைப் பலி கொடுக்க வேண்டாம்.

தடைக்காலத்தில்: மருந்து நீரில் ஊறவைப்பது

61 நாளும் வாரம் ஒருமுறை ஆள் வந்து கழுவ முடியும் என்றால் நல்லது. ஆனால் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடிக்கும் காலத்தில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. அதற்குத்தான் ஊறவைக்கும் முறை.

ஊறுகாய் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போகாமல் காக்க ஒரு மருந்து நீர். இங்கே அது சோடியம் மெட்டா பைசல்பைட். தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை இது எடுத்துக்கொள்வதால் கிருமிகள் வளர முடியாது.

*என்ன வாங்குவது?* உணவுத் தரம் என்று எழுதியதையே வாங்குங்கள். கோபால்ட் கலந்த வகை ஆகாது. அது மெம்பிரேனைக் கெடுக்கும். உங்கள் இயந்திரத் தயாரிப்பாளர் வேறு மருந்து சொல்லியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கையேட்டில் இருப்பதுதான் முதல் சொல்.

*எவ்வளவு?* 1 சதவீதம். அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். மெம்பிரேன் குழாய், ஃபில்டர், பைப் எல்லாம் சேர்த்து 20 லிட்டர் பிடிக்கும் என்றால் 200 கிராம். கைக்கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள்.

*எப்படி?*

படி 1: முதலில் நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவுங்கள். கடல்நீர் உள்ளே இருந்தால் மருந்து நீர் சரியாக வேலை செய்யாது.

படி 2: சுத்தமான பிளாஸ்டிக் வாளியில், குளோரின் இல்லாத நல்ல தண்ணீரில் மருந்தைக் கட்டி இல்லாமல் கரையுங்கள்.

படி 3: அழுத்த வால்வைத் திறந்துவைத்து, கழிவுக் குழாயை அதே வாளிக்குத் திருப்பிவிட்டு, குறைந்த அழுத்தத்தில் 10 நிமிடம் சுற்ற விடுங்கள்.

படி 4: உள்ளே காற்று தங்காமல் முழுக்க நிறைந்திருக்கும்படி நிறுத்தி, எல்லா வால்வையும் மூடுங்கள்.

படி 5: "மருந்து உள்ளது, ஓட்டக் கூடாது" என்று தேதியோடு ஒரு அட்டை எழுதி சுவிட்சில் கட்டுங்கள். இது ரொம்ப முக்கியம். மருந்து இருப்பது தெரியாமல் யாராவது ஓட்டி, அந்தத் தண்ணீரைக் குடித்துவிடக் கூடாது.

படி 6: வாரம் ஒருமுறை கொஞ்சம் எடுத்து பி.எச். தாளால் பாருங்கள். 3 அல்லது அதற்குக் கீழே வந்தால் மருந்து நீரை மாற்றுங்கள். நன்றாகவே இருந்தாலும் 30 நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். அப்படியானால் 61 நாளில் நடுவில் ஒரு மாற்றம். தடைக்காலம் முடியும்போது வெளியேற்றம். மொத்தம் மூன்று நாள் வேலை, அதுவும் சில மணி நேரம்தான்.

*எச்சரிக்கை:* மெட்டா பைசல்பைட் கரைக்கும்போது மூக்கைத் துளைக்கும் வாயு வரும். மூடிய எஞ்சின் அறையில் வேண்டாம். மேல்தளத்தில் காற்றோட்டமாக வைத்துக் கரையுங்கள். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

மெம்பிரேன் என்ன சொல்கிறது?

மெம்பிரேன் ஒரே நாளில் சாவதில்லை. முன்கூட்டியே அறிகுறி காட்டும். அதைப் படிக்க நான்கு எண்கள் போதும்: அழுத்தம், மணிக்கு எத்தனை லிட்டர், நல்ல தண்ணீரின் டி.டி.எஸ்., கடல்நீரின் வெப்பநிலை. புது மெம்பிரேன் போட்ட அன்றைய எண்களை எழுதி வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

*தண்ணீர் குறைகிறது, டி.டி.எஸ். அதிகம் மாறவில்லை:* மேலே அழுக்கு படிந்திருக்கிறது. அதே அழுத்தத்தில் தண்ணீர் 10 சதவீதம் குறைந்ததும் கழுவ வேண்டிய நேரம். பாதியாகும்வரை காத்திருந்தால் எந்த மருந்தும் கேட்காது.

*தண்ணீர் கூடுகிறது, டி.டி.எஸ்.ஸும் கூடுகிறது:* "அடடா, மெஷின் நல்லா ஓடுதே" என்று சந்தோஷப்பட வேண்டாம். குளோரின் படலத்தை அரித்துவிட்டதன் அடையாளமாக இது இருக்கலாம். கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

*கழற்றி மாட்டியதும் டி.டி.எஸ். திடீரென ஏறியது:* பெரும்பாலும் ஓ-ரிங் கிழிந்திருக்கும் அல்லது சரியாக உட்கார்ந்திருக்காது. ஓ-ரிங்குக்குக் கிளிசரின் தடவுங்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில் தடவ வேண்டாம்.

வெப்பநிலையை ஏன் எழுதணும்? தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் உற்பத்தி சுமார் 3 சதவீதம் குறையும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கடலில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருவது வழக்கம். கடல் 30 டிகிரியிலிருந்து 26 ஆனால், மெம்பிரேன் நன்றாக இருந்தாலும் தண்ணீர் ஏறத்தாழ 12 சதவீதம் குறையும். இது தெரியாமல் தேவையில்லாத மருந்துக் கழுவல் செய்தால் மெம்பிரேனின் ஆயுள்தான் குறையும்.

மருந்துக் கழுவல்: வரிசை தப்பக் கூடாது

இரண்டு வகை அழுக்கு, இரண்டு வகை மருந்து. பாசிப்படலம், வழவழப்பு, கரிம அழுக்குக்குக் கார மருந்து. சுண்ணாம்புப் படிவு, துருவுக்கு அமில மருந்து. சிட்ரிக் அமிலம் என்றால் 2 சதவீதம், லிட்டருக்கு 20 கிராம்.

கடல்நீர் இயந்திரத்தில் பொதுவாகக் காரம் முதலில், அமிலம் அடுத்து. பாசிப்படலம் இருக்கும்போது அமிலத்தை முதலில் விட்டால் அது இன்னும் இறுகிப் பிடித்துக்கொள்ளக்கூடும். இரண்டுக்கும் நடுவில் நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவ வேண்டும். ஒன்றோடொன்று கலக்கவே கூடாது.

மருந்தைக் குறைந்த அழுத்தத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் சுற்ற விட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, மறுபடி சுற்ற விட்டு, பிறகு கழுவுவது வழக்கம். இந்த நேரம் முழுக்க நல்ல தண்ணீர்க் குழாயைக் குடிநீர் டேங்கிலிருந்து கழற்றி வைங்க. கார மருந்தை வீட்டுக் காஸ்டிக் சோடாவால் நீங்களே தயாரிக்க முயல வேண்டாம். அளவு கொஞ்சம் தப்பினால் மெம்பிரேனும் போகும், கையும் வேகும். தயாரிப்பாளர் தரும் பாக்கெட்டே பாதுகாப்பு. பிளீச்சிங் பவுடரை எந்த அமிலத்தோடும் சேர்க்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான வாயு வரும். கழுவிய மருந்து நீரைத் துறைமுகத்துக்குள் ஊற்றவும் கூடாது.

மறுபடியும் கடலுக்கு

தடைக்காலம் முடிந்ததும் மருந்து நீரைக் குளோரின் இல்லாத நல்ல தண்ணீரால் முழுக்கத் தள்ளி வெளியேற்றுங்கள். ஸ்ட்ரெய்னர், ஃபில்டர் புதுசு. ஹை பிரஷர் பம்ப்பின் ஆயில் அளவைப் பாருங்கள். தெளிந்த கடல் வந்ததும் வால்வைத் திறந்த நிலையில் போட்டு, காற்றெல்லாம் வெளியேறிய பிறகு அழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள். முதல் ஒரு மணி நேரம் வரும் நல்ல தண்ணீர் கடலுக்கே போகட்டும். டி.டி.எஸ். 500-க்குக் கீழே வந்து, வாடையும் இல்லை என்றால் டேங்குக்குத் திருப்பலாம். குடிநீருக்கு நம் தர நிர்ணயம் ஏற்கும் அளவு அது.

இந்தச் சோதனை ஓட்டத்தை முதல் பயணத்துக்கு முன்பே, கரைக்கு அருகில் தெளிந்த கடலில் செய்துவிடுவது நல்லது. கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நீண்ட பயணத்தில், எத்தனை நம்பிக்கையான இயந்திரம் இருந்தாலும் அவசரத்துக்குக் கேன் தண்ணீர் கூடவே இருக்க வேண்டும்.

உங்கள் போனில் இன்றே செய்ய 5 வேலை

1. தடைக்காலம் தொடங்கும் நாளில் "மருந்து நீர் ஊற்று" என்று நினைவூட்டல் வைங்க. அதன்பின் 7 நாளுக்கு ஒருமுறை "பி.எச். பார்", 30-ஆம் நாள் "மருந்து மாற்று".

2. ஒவ்வொரு பயணத்திலும் அழுத்த கேஜ், டி.டி.எஸ். மீட்டர் இரண்டையும் போட்டோ எடுங்கள். தேதி, நேரம் தானாகவே பதிவாகும். அதுதான் உங்கள் பதிவேடு.

3. வால்வுகள் திறந்த நிலை, மூடிய நிலை இரண்டையும் வீடியோ எடுத்து வைங்க. அடுத்த டிரைவர் புதியவராக இருந்தாலும் குழப்பம் வராது.

4. தண்ணீரில் சந்தேகம் இருந்தால் மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது.

5. கடலில் உயிருக்கு ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்பு உதவி எண் 1093. இரண்டையும் சேமித்து வைங்க. கரையை விட்டு வெகுதூரம் போனால் செல்போன் சிக்னல் இருக்காது என்பதால், வி.எச்.எஃப். கருவி வேலை செய்கிறதா என்றும் கிளம்பும்முன் பாருங்கள்.

தடைக்காலத்தில் வலையைப் பின்னுகிறோம், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறோம், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். அந்தப் பட்டியலில் இந்த ஆண்டு மெம்பிரேனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முறைக்குமாக 400 கிராம் மருந்தும் ஓர் அட்டையும்தான் செலவு. அடுத்த பயணத்தின் இரண்டாம் நாள் குழாயைத் திறக்கும்போது, 12 பேருக்கும் நல்ல தண்ணீர் வரும்.